முப்பத்தைந்து கிலோ

திரௌபதியின் கைக்கு எடை தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷம் சுடாத பச்சை ஜாடியைத் தூக்கித் தூக்கி வைத்தால் யாருடைய கைக்கும் தெரிந்துவிடும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த ஜாடியைப் பலகையில் அடுக்கி, காயவைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். ஈரத்தில் இரண்டரை கிலோ இருக்கிற ஜாடி காய்ந்து, வெந்து, வெளியே வரும்போது இரண்டு கிலோதான் நிற்கும். நடுவில் காணாமல் போன அரை கிலோவுக்கு யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. தண்ணீர் போயிற்று. அவ்வளவுதான்.

அதனால்தான் ரேஷன் அரிசி விஷயத்தில் அவளும் அவள் தெருவும் ஐந்தாறு வருஷம் ஏமாந்தார்கள்.

அவள் புருஷன் தனபால் கம்பெனியில் மண்ணையும் கல்லையும் மாவாக அரைக்கிற பிரிவில் இருந்தவன். வெள்ளைத் தூசியைத் தின்றே மார்பு போய்விட்டது. ஐம்பது அடி நடந்தால் உட்கார வேண்டும். அவன் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் பரம ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டு கொடுத்தார்கள். மாதம் முப்பத்தைந்து கிலோ அரிசி. வீட்டில் நாலு பேர். மூன்று வேளையும் சோறுதான், வேறு பண்டம் எதுவும் உள்ளே வருவதில்லை. முப்பத்தைந்து கிலோ வந்தால் மாதம் முழுக்க ஓடும். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வது முப்பத்திரண்டு. இருபத்தெட்டாம் தேதி பானையின் அடி தெரியும். மிச்ச நாட்களுக்கு மளிகைக் கடை நொய்யில் கஞ்சி. பிள்ளைகள் ஜெயபிரகாஷுக்கும் சுபாஷினிக்கும் மதியம் ஸ்கூலில் சாப்பாடு உண்டு. தனபாலுக்குக் கஞ்சி. திரௌபதிக்கு அவன் குடித்த பிறகு மிஞ்சுவது.

கேட்காமலும் இல்லை. கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கடை சேல்ஸ்மேன் கொளஞ்சிநாதன் நல்ல விதமாகவே பதில் சொல்வான்.

"தராசைப் பாத்தியா? அஞ்சு கிலோ காட்டுதா? ஏழு தடவ போட்டனா? ஏழஞ்சு முப்பத்தஞ்சு. குடோன்லேருந்து ஈரமா வருதும்மா அரிசி. வூட்டுக்குப் போனா காயும். காஞ்சா குறையும். ஒனக்கா தெரியாது? நீ பண்ற வேலையே அதான?"

வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தலையை ஆட்டுவார்கள். அத்தனை பேரும் செராமிக் கம்பெனி ஆட்கள். காய்ந்தால் குறையும் என்பது அவர்களுக்கு விடிந்தால் வெளிச்சம் என்பது மாதிரி.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஒரு மாதக் கடைசியில்தான் இந்த ஞானத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டை போட்டவள் கயல்விழி. நல்லூர்ப் பக்கத்துக்காரி, விவசாயக் குடும்பம், கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் திரௌபதியின் தூக்குவாளியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நேத்தும் கஞ்சி, இன்னிக்கும் கஞ்சி? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கெடக்குது. அரிசி தீந்துபோச்சி."

"முப்பத்தஞ்சு கிலோ கார்டுன்னு சொன்னியே?"

"முப்பத்தஞ்சுதான் போடுறாரு. வூட்டுக்கு வந்தா காஞ்சிப்புடுது. முப்பத்திரண்டுதான் நிக்கிது."

கயல்விழிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்து, தலையில் தட்டிக்கொண்டு, பிறகு சிரித்தாள்.

"இன்னாது காயிது? அரிசியா?"

"ஆமா. ஈர அரிசி."

"யக்கா, ஈர நெல்ல மிஷின்ல போட்டா நொறுங்கிப்புடும். காயவச்சித்தான் அரைப்பாங்க. அரிசின்னு ஆவும்போதே காய வேண்டியது காஞ்சாச்சி. அதுக்கப்பறம் கடையிலேருந்து ஒங்க வூட்டுக்கு வரதுக்குள்ள மூணு கிலோ காயுதுன்னா, நடுவுல இன்னா சூளைக்குள்ள பூந்து வரியா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களும் முப்பத்திரண்டு கிலோ ஆட்கள்தான் என்பது சிரித்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

"மண்ணு பிசையிறவங்க நீங்க. ஒலகத்துல எல்லாம் மண்ணு மாதிரியேன்னு நெனச்சிட்டீங்க," என்றாள் கயல்விழி.

திரௌபதிக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் ஒரு கிலோ ரேஷன் அரிசி கைமாற்றாக வாங்கினாள். கம்பெனியில் பேக்கிங் பிரிவு மின்தராசில் துணிப்பையோடு எடை போட்டு, சூளையை ஒட்டிய, ஜாடி காயவைக்கிற அறையில் ஜாடிகளுக்கு நடுவே வைத்தாள். மனுஷன் உள்ளே போனால் பத்து நிமிஷத்தில் சட்டை நனைகிற அறை அது. மூன்று நாள் கழித்து எடுத்து எடை போட்டாள். இருபத்திரண்டு கிராம் குறைந்திருந்தது.

ஒரு கிலோவுக்கு இருபத்திரண்டு கிராம். முப்பத்தைந்து கிலோவையும் சூளை ஓரத்தில் கொட்டினால்கூட முக்கால் கிலோவுக்கு மேல் போகாது. அப்படியானால் மூன்று கிலோ எங்கே போயிற்று? தண்ணீராகப் போகவில்லை. யார் சோற்றுக்கோ போயிருக்கிறது.

அடுத்த முறை கடைக்குப் போனபோது அதையே கேட்டாள். கொளஞ்சிநாதனின் குரல் மாறிவிட்டது.

"தராசு கவர்மெண்டு தராசு. சந்தேகம் இருந்தா கவர்மெண்ட்டப் போயி கேளு."

"ஒங்களத்தாண்ண கேக்குறன். நீங்கதான போடுறீங்க."

"ஆமா, நீ கம்பெனி வேலைக்குப் போறவதான?" என்றான் அவன். மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "சம்பளம் வாங்குறவளுக்கு அந்தியோதயா கார்டு எப்டி குடுத்தாங்க? நான் ஒரு ரிப்போர்ட்டு எழுதினன்னு வையி, கார்டே இருக்காது. முப்பத்திரண்டும் போயிடும்."

பின்னால் நின்ற சொர்ணாம்பாள், திரௌபதி வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரி, அவள் முதுகில் குத்தினாள். "ஏண்டி, போடுறத வாங்கிகிட்டு நவுரு. எங்களுக்கும் வேல இருக்குது."

திரௌபதி வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். தலையில் இருந்த மூட்டை முப்பத்திரண்டு கிலோ என்று கழுத்து சொல்லிற்று.

வீட்டில் தனபால் பயந்துபோனான். "கார்டப் புடுங்கிட்டா என்னா பண்ணுவ? மூணு கிலோவுக்கு ஆசப்பட்டு முப்பத்திரண்ட வுட்டுடாத."

"ஆசையா? கார்டுல போட்டிருக்கிறதக் கேட்டா ஆசையா?"

"நான் சொல்றதச் சொல்லிட்டன்." அவன் இருமத் தொடங்கினான். பேச்சு பிடிக்காவிட்டாலும் இருமுவான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவள் தாலுகா ஆபீஸுக்குப் போனாள். எதிரே டீக்கடை ஓரத்தில் ஒரு மேஜை போட்டு நல்லமுத்து மனு எழுதிக்கொண்டிருந்தான். திரௌபதியின் வயசுதான் இருக்கும். சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து விட்டுவிட்டவன். ஏன் விட்டான் என்று கேட்டால் மனு எழுதித் தர மாட்டான்.

"சொல்லுங்க," என்றான், நிமிராமல்.

"ஐயா, ஏழை எளிய குடும்பத்தைச் சேர்ந்த நான், தங்கள் பாதம் பணிந்து..."

அவன் பேனாவை மூடி வைத்தான். "யாரு பாதம்?"

"மனுன்னா அப்டித்தான எழுதுவாங்க?"

"அது பிச்ச கேக்குறவங்களுக்கு. நீங்க என்னா கேக்குறீங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காயவைக்கிற அறையில் அரிசி வைத்ததைச் சொன்னபோதுதான் அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"இருவத்திரண்டு கிராமா? எழுதி வச்சிருக்கீங்களா?"

"மனசுல இருக்குது."

"மனசுல இருக்கிறது ஆபீஸுக்கு ஆவாது. சீட்டுல எழுதுங்க, தேதியோட." அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். "இங்க பாருங்கம்மா. மனுஷன் உயிரோட இருக்கிறது அவனோட உரிமைன்னு சட்டத்துல இருக்குது. சோறு இல்லாம உயிரு எப்டி இருக்கும்? அதனால சோறும் அந்த உரிமைக்குள்ளதான் வருதுன்னு ரெண்டாயிரத்து ஒண்ணுலேருந்து சுப்ரீம் கோர்ட்டுல கேஸு நடக்குது. அந்தியோதயா கார்டுக்கு ஒழுங்கா அரிசி போகணும்னு கோர்ட்டு உத்தரவே போட்டிருக்குது. ஒங்க சேல்ஸ்மேன் ஒங்களுக்கு ஒண்ணும் தானம் பண்ணல. புரியுதா?"

"புரியுது. கார்ட ரத்து பண்ணிடுவன்னு சொல்றாரே?"

"அவரு யாரு ரத்து பண்ண? எழுதட்டும். எழுதினா நோட்டீஸ் வரும், விசாரணை வரும். அந்த எக்ஸ்ரேவ எடுத்து வையிங்க, போதும். ஆனா நான் ஒண்ணு கேக்குறன். பாதியில பயந்துகிட்டு வாபஸ் வாங்க மாட்டீங்கல்ல? மாட்டன்னா எழுதுறன். வாங்குவன்னா இப்பவே எழுந்திரிங்க, பின்னால ஆளு நிக்கிது."

திரௌபதிக்கு உண்மையில் பயமாகத்தான் இருந்தது. கார்டு போனால் அந்த வீட்டில் மாதக் கடைசி என்பது மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆனால் எழுந்திரிக்கவும் கால் வரவில்லை.

"எழுதுங்க," என்றாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி. அந்தியோதயா அட்டைக்கு மாதம் எத்தனை கிலோ? அரிசி காய்கிறது என்று சொல்லி அட்டைதாரருக்குக் குறைத்துக் கொடுக்க ஏதாவது விதி உண்டா, இருந்தால் அதன் நகல். எடை போடும்போது அட்டைதாரர் சரிபார்க்கலாமா? பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பை ஒட்டி, கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் போடச் சொன்னான். பாதம் எங்கேயும் பணியப்படவில்லை. படித்துப் பார்த்தபோது அது தன் மனு மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் திமிராக இருந்தது. பிடித்தும் இருந்தது.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. தனபால்தான் போஸ்ட்மேனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினான். அரசாங்கத் தபால் என்றதும் கார்டு போய்விட்டது என்று முடிவு செய்து, அவள் வேலையிலிருந்து வருகிற வரைக்கும் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பிரித்து உரக்கப் படித்தாள். மாதம் முப்பத்தைந்து கிலோ. காய்வு என்ற பெயரில் அட்டைதாரர்களிடம் பிடித்தம் செய்ய எந்த விதியும் இல்லை. எடையைச் சரிபார்த்து வாங்க அட்டைதாரருக்கு உரிமை உண்டு. கீழே பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

"இன்னொரு வாட்டி படி," என்றான் தனபால்.

படித்தாள்.

"கார்டப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

"கார்டு நம்ம ஆணியில மாட்டியிருக்குது. பாத்துக்குங்க."

கடிதம் கையில் இருந்தாலும் தராசு ஐந்து கிலோ என்றுதானே காட்டும்? அதை எப்படிப் பொய் என்று சொல்வது? இதற்கு நல்லமுத்துவிடம் வழி இல்லை. திரௌபதியிடம் இருந்தது. கம்பெனியில் சொட்டை விழுந்த ஜாடிகளைக் கொல்லைப்புறம் குவித்திருப்பார்கள். அதில் ஒன்றொன்றாக எடுத்து எடை போட்டாள். பதினாறாவது ஜாடி இரண்டு கிலோவுக்கு மேல் நாலு கிராம். சாணைக்கல்லில் அதன் அடியைத் தேய்த்தாள். சரியாக இரண்டு கிலோ. கல்லில் போட்டு உடைத்தாலொழிய அது இனி குறையாது. சுட்ட ஜாடி காய்வதில்லை. இதை ஊரில் வேறு எங்கே சொன்னாலும் விளக்க வேண்டியிருக்கும். அந்த ரேஷன் கடை வரிசையில் விளக்க வேண்டியதில்லை.

அரிசி போடுகிற நாள் காலையில் கடிதத்தையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு போனாள். கயல்விழியும் கூட வந்தாள், வேடிக்கை பார்க்க. வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள்.

கொளஞ்சிநாதன் கடிதத்தை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி. சரிபார்த்து வாங்கிக்க. யாரு வேணான்னா?"

திரௌபதி ஜாடியைத் தூக்கித் தராசில் வைத்தாள். "ரெண்டு கிலோ ஜாடிண்ண. சுட்டது. கம்பெனி தராசுல போட்டது."

வரிசை கழுத்தை நீட்டியது. தராசில் சிவப்பு எண் ஓடி நின்றது. இரண்டு கிலோ. ஒரு கிராம் அப்படி இப்படி இல்லை.

கொளஞ்சிநாதன் சிரித்தான். "பாத்துக்குங்க எல்லாரும். கவர்மெண்டு தராசு. இந்தம்மா மனுப் போட்டு, ஜாடியத் தூக்கிகிட்டு வந்து, தராசு சரியா இருக்குதுன்னு கண்டுபுடிச்சிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணாம்பாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். திரௌபதிக்குக் காது சுட்டது. தராசு பொய் சொல்லும் என்றுதான் ஒரு மாதமாக நினைத்திருந்தாள். தராசு உண்மை சொன்னது. அப்புறம் அந்த மூன்று கிலோ?

"ஜாடிய எடும்மா. அரிசி போடணும்."

அவன் அரிசி அள்ளுகிற டின்னைத் தராசில் வைக்கக் கொண்டு வந்தான். எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி பற்றவைத்தது. தராசில் டின்னை வைத்து அதற்குள் அரிசியைக் கொட்டுவான். ஐந்து என்று காட்டியதும் எடுத்துப் பையில் கவிழ்ப்பான். ஐந்தாறு வருஷமாக அவள் அந்த எண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். டின்னைப் பார்த்ததில்லை.

"இருங்கண்ண," என்றாள். "ஜாடிய அந்த டின்னுக்குள்ள வையிங்க."

"எதுக்கு?"

"சரிபாக்குறன். லெட்டர்ல இருக்குது."

அவன் அசையவில்லை. கயல்விழி கையை நீட்டி டின்னை வாங்கித் தராசில் வைத்தாள். திரௌபதி ஜாடியை அதற்குள் இறக்கினாள். சிவப்பு எண் ஓடி நின்றது. இரண்டு கிலோ நானூறு.

சுட்ட ஜாடி இனிக் காயாது, ஊறாது. முப்பது பேருக்கும் அது தெரியும். அது நானூறு கிராம் ஏறியிருக்கிறது.

முதலில் வாயைத் திறந்தவள் சொர்ணாம்பாள். "அடப்பாவி மவனே! அப்ப இத்தன வருஷமா டின்னையும் சேத்தாடா எங்களத் திங்கச் சொன்ன?"

பிறகு ஒரே சத்தம். ஏழு டின், ஏழு நானூறு, இரண்டு கிலோ எண்ணூறு என்று கயல்விழி கணக்குப் போட்டு உரக்கச் சொன்னாள். பின்னாலிருந்த ஆள் ஒருத்தன் டின்னைப் பிடுங்கி வெளியே எறிந்தான். ஒருத்தன் சேல்ஸ்மேனையே வெளியே எறிய வேண்டும் என்றான். திரௌபதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. எறிந்துவிட்டால் அன்றைக்கு அரிசி யார் போடுவது? அவள் சத்தம் போட்டாள்.

"வரிசையில நில்லுங்க! டின்ன எடுத்துகிட்டு வாங்க. வெறும் டின்ன வச்சி, நானூறு காட்டுதா, அஞ்சு கிலோ நானூறு வரைக்கும் கொட்டட்டும். ஆளாளுக்குப் பாத்து வாங்குங்க. அண்ண, போடுங்க."

கொளஞ்சிநாதன் போட்டான். ஏழாவது டின்னைக் கவிழ்க்கும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"ஏம்மா, குடோன்ல மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறச்சித்தான் எனக்கு ஏத்துறான். அத நான் எங்கேருந்து எடுக்குறது? கையக் கடிக்கிதுன்னுதான்..."

அது பொய்யாக இருக்காது என்று திரௌபதிக்குத் தோன்றியது. முழு உண்மையாகவும் இருக்காது.

"அதுக்கு எங்க வூட்டுப் பானைதான் கெடச்சிதா? நீங்களும் ஒரு மனு போடுங்கண்ண. தாலுகா ஆபீஸ் எதிர்ல நல்லமுத்துன்னு ஒருத்தரு இருக்காரு. பாதம்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க. கோவம் வரும்."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கயல்விழி ஒரு பக்கம், மறு பக்கம் சொர்ணாம்பாள். "எனக்கு அப்பவே சந்தேகந்தான்டி," என்றாள் சொர்ணாம்பாள், மூச்சு வாங்க. திரௌபதி நடக்கத் தொடங்கினாள். கழுத்து எலும்பு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. அந்தத் தெருவில் அரிசி வாங்கிக்கொண்டு போகிற யாரும் வழியில் இறக்கி வைத்ததில்லை. அன்றைக்கு அவள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள்.

கொளஞ்சிநாதனைப் பத்து நாளில் வேறு கடைக்கு மாற்றினார்கள். வேப்பூர்ப் பக்கம் என்று கேள்வி. அங்கே என்ன டின் வைத்திருக்கிறானோ. குடோனைப் பற்றி அவன் மனு போட்டானா என்பதும் தெரியவில்லை. புதிதாக வந்தவன் தராசில் பையையே நேராக வைத்து எடை போட்டான். கார்டு விஷயமாக ஒரு விசாரணை வந்தது. ஒரு அம்மா வந்து தனபாலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போனாள். கார்டு ஆணியிலேயே தொங்கியது.

அந்த மாதம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. திரௌபதி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மத்தியானம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தனபால் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டான். முகத்தைச் சுளித்தான்.

"என்னா புள்ள, சோத்தக் குழைய வுட்டுட்ட?"

திரௌபதி கரண்டியோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். மாதக் கடைசியில் இந்த மனுஷன் சோற்றில் குறை சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று?

"குழைஞ்சா குழைஞ்சிட்டுப் போவுது. தின்னுங்க," என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். அவன் குறை சொல்லிக்கொண்டே முழுக்கத் தின்றான்.